இலண்டனிலிருந்து பாரிஸுக்கு எதில் போவது? திருகோணமலைப் பெற்றோருக்கான அதிவேகப் புகையிரத வழிகாட்டி

ஒரு பிள்ளை இலண்டனிலும் இன்னொரு பிள்ளை பாரிஸிலும் மற்றொன்று சூரிச்சிலுமாகக் குடியமர்ந்திருக்கும் வீடுகள் திருகோணமலையில் ஏராளம். பெற்றோருக்கு விசா கிடைத்து, கட்டுநாயக்கவில் விமானம் ஏறி, முதற்பிள்ளையின் வீட்டில் சில வாரம் தங்கியபின், அடுத்த பிள்ளையின் வீட்டுக்கு எவ்வாறு போவது என்ற கேள்வி எழுகின்றது. பெரும்பாலும் அதைப் பிள்ளைகளே தீர்மானித்துவிடுகின்றார்கள்: மலிவாகக் கிடைத்த விமானச் சீட்டொன்றை வாங்கிவிடுவார்கள், அல்லது வேலை முடிந்த வெள்ளிக்கிழமை இரவில் பெற்றோரைக் காரில் ஏற்றிக்கொண்டு விடியும்வரை ஓட்டிச் செல்வார்கள். இவ்விரண்டுக்கும் நடுவே அதிவேகப் புகையிரதம் என்ற வழியும் உண்டு. சில பயணங்களுக்கு அதுவே சிறந்தது. வேறு சிலவற்றுக்கு அது வீண் அலைச்சல். எது எதற்குப் பொருந்தும் என்பதைப் புறப்படுமுன் தெரிந்துகொண்டால், பிள்ளைகளிடம் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம்.

வாசலுக்கு வாசல் கணக்கு

முதலில் செய்யவேண்டியது ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுவதே. வாகனம் மணிக்கு எத்தனை கிலோமீற்றர் ஓடுகின்றது என்பதைப் பார்க்க வேண்டாம். ஒரு வீட்டு வாசலைவிட்டு இறங்கியது முதல் மற்ற வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும் வரை கழியும் நேரத்தை மட்டும் பாருங்கள். இந்தக் கணக்கு திருகோணமலைக்காரருக்குப் புதிதன்று. கொழும்புக்குப் புகையிரத வழியில் ஏறத்தாழ 300 கிலோமீற்றர். இரவு மெயில் அதைக் கடக்க 8 மணித்தியாலம் வரை எடுக்கின்றது. வாடகை வான் அதைவிட விரைவாகவே போகும். இருந்தும், விசா அலுவலகத்துக்கோ வைத்தியசாலைக்கோ காலையில் போகவேண்டியவர் இரவு மெயிலையே நாடுகின்றார். தூங்கும் நேரம் பயண நேரமாகிவிடுவதால் அவருக்குப் பகற்பொழுது எதுவும் நட்டமில்லை. அதே மனிதர் மூன்று பெரிய பெட்டிகளுடன் கட்டுநாயக்கவுக்குப் போவதென்றால் வானைத்தான் பிடிக்க வேண்டும். விமான நிலையத்தைத் தாண்டிக் கோட்டைக்குப் போய், பெட்டிகளை இறக்கி, மறுபடியும் வடக்கே திரும்பி வருவது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவதாகும். புகையிரதத்தில் எனக்கு எவ்வளவு பற்று இருந்தாலும், இந்த இடத்தில் வானையே சொல்வேன்.

இனி அதே கணக்கை இலண்டனுக்கும் பாரிஸுக்கும் போட்டுப் பார்ப்போம். மகள் கிழக்கு இலண்டனின் ஈஸ்ட் ஹாமில் இருக்கின்றார், மகன் பாரிஸில் லாசப்பலுக்கு அருகே இருக்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போக ஒரு மணித்தியாலம் 20 நிமிடம், அங்கே இரண்டு மணித்தியாலம் முன்னதாக நிற்பது, வானில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம் 20 நிமிடம், சார்ல்ஸ் டி கோல் விமான நிலையத்தில் குடிவரவுச் சோதனையும் பெட்டிக்காகக் காத்திருத்தலுமாக முக்கால் மணித்தியாலம், நகருக்குள் வர இன்னொரு முக்கால் மணித்தியாலம் என்று எடுத்துக்கொண்டால், ஆறு மணித்தியாலத்துக்கு மேல் ஆகின்றது. புகையிரதமென்றால், ஈஸ்ட் ஹாமிலிருந்து சென்ற் பங்கிராஸ் நிலையத்துக்குப் பாதாளப் புகையிரதத்தில் முக்கால் மணித்தியாலம், அங்கே சோதனைகளுக்கு ஒன்றேகால் மணித்தியாலம், இலண்டனையும் பாரிஸையும் இணைக்கும் யூரோஸ்டார் என்ற அதிவேகப் புகையிரதத்தில் ஏறத்தாழ 2 மணித்தியாலம் 20 நிமிடம், பாரிஸ் கார் து நோர் நிலையத்திலிருந்து லாசப்பலுக்குக் கால்நடையாகக் கால்மணித்தியாலம். ஆகமொத்தம் நாலரை மணித்தியாலத்துக்குச் சற்று மேல். காரில் போனால், ஆங்கிலக் கரையிலுள்ள போக்ஸ்ரன் வரை ஒன்றரை மணித்தியாலம், சோதனைக்கும் காத்திருப்புக்குமாக ஒரு மணித்தியாலம், காரையே ஏற்றிச் செல்லும் கடலடிச் சுரங்கப் புகையிரதத்தில் 35 நிமிடம், பிரெஞ்சுக் கரையிலுள்ள கலேயிலிருந்து பாரிஸ் வரை ஏறத்தாழ 290 கிலோமீற்றருக்கு மூன்று மணித்தியாலம் என, வழியில் எங்கும் இளைப்பாறாமல் ஓட்டினாலும் ஆறு மணித்தியாலமாகும். வானில் ஒரு மணித்தியாலம் 20 நிமிடம் பறக்கும் விமானம் நிலத்தில் ஓடும் புகையிரதத்திடம் தோற்பது இவ்விதமே: நிலையம் நகரின் நடுவில் இருக்கின்றது, விமான நிலையம் நகருக்கு வெளியே இருக்கின்றது. மலிவு விமானங்கள் சிலவற்றின் பாரிஸ் நிலையமாகிய போவே, பாரிஸிலிருந்து ஏறத்தாழ 85 கிலோமீற்றர் தொலைவில் இருக்கின்றது. கந்தளாயில் இறக்கிவிட்டுத் திருகோணமலை என்று சொல்வதைவிட அது மோசம்.

எந்த வழிகளில் பொருந்தும்

புகையிரதத்தில் இருக்கும் நேரம் மூன்று மணித்தியாலத்துக்குள் அமைந்தால் கணக்கே போடாமல் புகையிரதத்தைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு மணித்தியாலம் வரை அது விமானத்துடன் சமமாக நிற்கும். அதற்கு மேல் போகப் போக விமானத்தின் பக்கம் தட்டுச் சாயும். பாரிஸிலிருந்து லியோனுக்கு இரண்டு மணித்தியாலம், மார்செய்க்கு மூன்று மணித்தியாலத்துக்குச் சற்று மேல், பாசலுக்கு ஏறத்தாழ மூன்று, சூரிச்சுக்கும் பிராங்பேர்ட்டுக்கும் ஏறத்தாழ நான்கு. ஸ்பெயினில் மட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையேயுள்ள 621 கிலோமீற்றரை இரண்டரை மணித்தியாலத்தில் கடக்கலாம். 2008 இல் அந்தப் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டபின், அதுவரை விமானத்தில் போய்வந்தவர்களில் பெரும்பகுதியினர் புகையிரதத்துக்கு மாறினர். பிரான்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டரை மணித்தியாலத்துக்குள் புகையிரதத்தில் போகக்கூடிய சில உள்நாட்டு வழிகளில் விமானத்தையே 2023 இல் சட்டத்தால் நிறுத்தியது. பாரிஸின் ஓர்லி விமான நிலையத்திலிருந்து லியோன், நாந்த், போர்தோ ஆகியவற்றுக்குச் சென்ற விமானங்கள் அவ்வாறு நின்றன. புகையிரதம் மின்சாரத்தில் ஓடுவதும், பிரான்ஸின் மின்சாரத்தில் பெரும்பங்கு அணுமின் நிலையங்களிலிருந்து வருவதும், ஒரு பயணிக்கு வெளியாகும் கரியமிலவாயு விமானத்தோடு ஒப்பிடுகையில் மிகச் சொற்பமாக இருப்பதும் அந்தச் சட்டத்துக்குக் காரணங்கள்.

இலண்டனிலிருந்து சூரிச்சுக்கு ஒரே நாளில் புகையிரதத்தில் போக நினைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பாரிஸில் கார் து நோரில் இறங்கி, நகரின் மறுபக்கமுள்ள கார் து லியோன் நிலையத்துக்கு மாறி, மறுபடியும் நான்கு மணித்தியாலம் இருக்கவேண்டும். எப்படிப் பார்த்தாலும் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாது. இடையில் பாரிஸிலுள்ள உறவினர் வீட்டில் இரண்டு இரவு தங்கிப் போவதாக இருந்தால் அதே வழி இனிதாகிவிடும். பாரிஸிலிருந்து பேர்லினுக்கு 2024 டிசெம்பரில் நேரடிப் புகையிரதம் தொடங்கியபோதும் அதற்கும் ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் விமானத்தையே பிடிக்கட்டும். நான்கைந்து பேர் சேர்ந்து போகும்போதும், போகும் ஊரில் நிலையம் இல்லாதபோதும், கோயில் திருவிழாவுக்குப் பெரிய பாத்திரங்களுடன் போகும்போதும் கார்தான் மலிவும் வசதியும். ஆயினும் பிரான்ஸின் நெடுஞ்சாலைக் கட்டணத்தையும், சுவிஸில் நெடுஞ்சாலையில் ஏறுவதற்கு ஆண்டுக்கு 40 பிராங்க் கொடுத்து வாங்கவேண்டிய ஒட்டுச்சீட்டையும், மறுநாள் வேலைக்குப் போகவேண்டிய மகனின் தூக்கத்தையும் செலவில் சேர்த்துத்தான் அந்த முடிவுக்கு வரவேண்டும்.

அது ஏன் அவ்வளவு வேகமாக ஓடுகின்றது

இதைத் தெரிந்துகொண்டால் புகையிரதத்தில் ஏறும் அச்சம் குறையும் என்பதால் சற்று விளக்குகின்றேன். அதிவேகம் என்று சொல்வதற்குப் புதிதாக அமைத்த பாதையில் மணிக்கு 250 கிலோமீற்றரும், திருத்தியமைத்த பழைய பாதையில் 200 கிலோமீற்றரும் குறைந்த அளவாகக் கொள்ளப்படுகின்றன. ஜப்பான் 1964 ஒக்டோபர் 1 ஆம் திகதி தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே 210 கிலோமீற்றர் வேகத்தில் ஷிங்கன்சென் என்ற அதிவேகப் புகையிரதத்தைத் தொடங்கியது. பிரான்ஸ் 1981 இல் டி.ஜி.வி. என்ற தன் அதிவேகப் புகையிரதத்தைத் தொடங்கியது. இன்று டி.ஜி.வி. 320 வரையும் யூரோஸ்டார் 300 வரையும் ஓடுகின்றன. இதன் இரகசியம் எஞ்சினில் இருப்பதைவிடப் பாதையில் இருக்கின்றது. வளைவுகள் கிலோமீற்றர்க் கணக்கான ஆரையுடன் மிக மெல்லத் திரும்புகின்றன. தெருவும் பாதையும் ஒரே மட்டத்தில் சந்திக்கும் கடவை ஒன்றுகூட இல்லை. இரு பக்கமும் வேலி. போவதற்கும் வருவதற்கும் தனித்தனிப் பாதை. சமிக்ஞை வழியோரக் கம்பத்தில் இல்லாமல் சாரதியின் முன்னாலுள்ள திரையிலேயே தெரிகின்றது, ஏனெனில் அந்த வேகத்தில் கம்பத்தைப் பார்த்துப் படிக்க முடியாது.

நம்முடைய பாதையை அதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருகோணமலையிலிருந்து சீனக்குடா, தம்பலகாமம், கந்தளாய் வழியாகக் கல்ஓயாச் சந்தி வரை ஒற்றைப் பாதை. எதிரே வரும் புகையிரதத்துக்கு இடம்விட நிலையங்களில் காத்து நிற்கவேண்டும். வழிநெடுகக் கடவைகள். ஹபரணைப் பக்கம் யானைகள் இரவில் பாதையைக் கடக்கின்றன. 2025 பெப்ரவரியில் ஒரு கூட்டத்தின்மீது புகையிரதம் மோதி ஆறு யானைகள் இறந்தன. அத்தகைய பாதையில் எந்த எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டினாலும் வேகம் வராது. ஷிங்கன்சென் ஓடத் தொடங்கிய நாள் முதல் தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணியும் இறந்ததில்லை என்பதற்கும் அந்தப் பாதையின் அமைப்பே முதற்காரணம்.

விசா

இலங்கைக் கடவுச்சீட்டுடன் போகும் பெற்றோர் இடறும் இடம் இதுதான். பிரித்தானிய விசாவும், பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் போன்ற நாடுகளுக்குப் பொதுவான செங்கன் விசாவும் வேறு வேறு. இலண்டனுக்கு விசா இருப்பதால் பாரிஸுக்குப் புகையிரதத்தில் போய்வந்துவிடலாம் என்று எண்ணிச் சீட்டு வாங்கியவர் சென்ற் பங்கிராஸ் நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுவார், ஏனெனில் பிரெஞ்சு அதிகாரிகள் இலண்டன் நிலையத்துக்குள்ளேயே இருந்து கடவுச்சீட்டைப் பார்க்கின்றார்கள். அதேபோலப் பாரிஸ் நிலையத்தில் பிரித்தானிய அதிகாரிகள் இருக்கின்றார்கள். ஆகவே இரண்டு விசாக்களையும் இலங்கையிலிருந்து புறப்படுமுன்னரே பெற்றுக்கொள்ள வேண்டும். குறுகிய கால விசாவில் இலண்டன் போனபின் அங்கிருந்தபடி மற்றதற்கு விண்ணப்பிக்கலாம் என்று நம்பியிருக்க வேண்டாம். செங்கன் விசா ஒரே ஒரு முறை நுழைவதற்கானதா, பல முறை நுழைவதற்கானதா என்பதையும் பாருங்கள். முதலில் பாரிஸில் இறங்கி, இலண்டன் போய்விட்டு, மறுபடியும் சூரிச்சுக்கு வருவதென்றால் ஒருமுறை விசா போதாது. பிரான்ஸ், ஜேர்மனி, சுவிஸ் ஆகியவற்றுக்கிடையே செங்கன் விசா ஒன்றே போதும். ஆனால் சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாததால் சுங்க அதிகாரிகள் பெட்டிக்குள் ஏறிப் பொதிகளைப் பார்க்கக்கூடும். கடவுச்சீட்டை எப்போதும் கையோடு வைத்திருங்கள்.

சீட்டு வாங்குதல்

அதிவேகப் புகையிரதச் சீட்டின் விலை விமானச் சீட்டைப் போலவே ஏறி இறங்கும். நம்மூர்ச் சீட்டைப் போல என்றும் ஒரே விலையாக இருக்காது. சில மாதம் முன்னதாக வாங்கினால் மலிவு, கடைசி வாரத்தில் வாங்கினால் கொள்ளை விலை. செவ்வாய், புதன் நாள்களின் நண்பகற் பயணம் வெள்ளி மாலையையும் ஞாயிறையும்விடப் பெரும்பாலும் மலிவாக இருக்கும். வேலைக்குப் போகாத பெற்றோருக்கு இது பெரிய வசதி. விசா கையில் வருமுன் மாற்றவோ மீளப்பெறவோ முடியாத சீட்டை வாங்கவேண்டாம். யூரோஸ்டாரிலும் டி.ஜி.வி.யிலும் ஆசனத்தோடுதான் சீட்டு வரும். நின்றுகொண்டு போவோம் என்று ஏற முடியாது. ஜேர்மனியின் ஐ.சி.இ. என்ற அதிவேகப் புகையிரதத்தில் ஆசன முற்பதிவு கட்டாயமன்று, ஆயினும் வயதானவர் சிறுதொகை கொடுத்து அதைச் செய்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் பெட்டி பெட்டியாக இடம் தேடி நடக்கநேரும்.

இடையில் மாறவேண்டிய பயணமாக இருந்தால் இரண்டு கட்டங்களையும் ஒரே சீட்டாக வாங்க முடியுமா என்று பாருங்கள். தனித்தனியாக வாங்கிய சீட்டென்றால், முதற்புகையிரதம் பிந்தியதால் இரண்டாவதைத் தவறவிட்டவருக்கு அந்தப் பணம் போனதாகவே முடியலாம். சக்கர நாற்காலியோ கைகொடுத்து ஏற்றிவிடும் உதவியோ தேவைப்படுவோர் குறைந்தது 24 மணித்தியாலம் முன்னதாக அறிவிக்க வேண்டும்; இதற்குக் கட்டணம் இல்லை, கேட்பதில் வெட்கமும் வேண்டாம்.

பொதி

இந்த விடயத்தில் விமானம் கிட்டவும் வரமுடியாது. யூரோஸ்டாரில் ஒருவர் 85 சென்ரிமீற்றர் நீளம் வரையான இரண்டு பெட்டிகளும் ஒரு கைப்பையும் கொண்டுபோகலாம்; எடை போட்டுப் பார்ப்பதில்லை. மிளகாய்த்தூளும் அரிசிமாவும் ஒடியல்மாவும் நிறைந்த பெட்டியை விமான நிலையத்தில் திறந்து அரைக்கிலோ அரைக்கிலோவாக வெளியே எடுத்த அனுபவம் உள்ளவருக்கு இதன் அருமை புரியும். தண்ணீர்ப் போத்தலுக்கும் தடையில்லை. விமானத்தின் 100 மில்லிலீற்றர் விதி இங்கே இல்லை. ஆனால் பெட்டிகளை நீங்களே தூக்கி ஏற்றவேண்டும் என்பதால், தூக்க முடிந்த அளவே உண்மையான எல்லை. டி.ஜி.வி.யிலும் பெரிய பெட்டி இரண்டும் கைப்பை ஒன்றுமே அளவு. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை கட்டியிருக்க வேண்டும். விகோ என்ற மலிவுப் புகையிரதத்தில் பெரிய பெட்டிக்குத் தனிக் கட்டணம் உண்டு. பிரித்தானியாவிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இறைச்சியும் பால்பொருளும் கொண்டுசெல்லத் தடை இருப்பதால், தம்பிக்கென்று அக்கா சமைத்துக் கட்டித்தரும் ஆட்டிறைச்சிக் கறி இலண்டனிலேயே நிற்கவேண்டும். கத்தியும் கூரான பல்லுள்ள துருவலையும் சோதனைக் கருவியில் அகப்படும். ஊரிலிருந்து துருவலை கொண்டுபோகிறவர்கள் அதை முதலில் இறங்கும் நாட்டிலுள்ள பிள்ளைக்கே கொடுத்துவிடுவது நல்லது.

புறப்படும் நாள்

யூரோஸ்டாரின் வாயில் புறப்படும் நேரத்துக்கு அரைமணித்தியாலம் முன்னதாக மூடப்படும். ஓடிவந்து ஏறலாம் என்ற நினைப்பை விட்டுவிட்டு ஒன்றேகால் மணித்தியாலம் முன்னதாக அங்கே நில்லுங்கள். நாட்டுக்குள் ஓடும் டி.ஜி.வி.க்கு அரைமணித்தியாலம் போதும். அதற்கு ஏறத்தாழ 20 நிமிடம் முன்னர்தான் எந்த மேடை என்பது பலகையில் தெரியும், இரண்டு நிமிடம் முன்னர் கதவு மூடிவிடும். ஸ்பெயினில் பொதிகளை ஊடுகதிர்ச் சோதனைக் கருவியில் விடவேண்டும் என்பதால் சற்று முன்னதாகப் போகவேண்டும்.

பாரிஸில் நிலையத்தின் பெயரைக் கவனமாகப் படியுங்கள். இலண்டனுக்குக் கார் து நோர், சூரிச்சுக்கும் லியோனுக்கும் கார் து லியோன், ஸ்ராஸ்பூர்க்குக்கும் பிராங்பேர்ட்டுக்கும் கார் து லெஸ்ற். அடுத்துப் புகையிரதப் பெட்டியின் இலக்கம். பல டி.ஜி.வி.கள் இரண்டு தொடர்களை முன்னும் பின்னுமாகப் பூட்டி ஓடுகின்றன. ஒன்றின் பெட்டிகள் 1 முதல் 8 வரை, மற்றதன் பெட்டிகள் 11 முதல் 18 வரை. உள்ளே ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வழி கிடையாது. நான் ஒருமுறை 14 ஆம் பெட்டிச் சீட்டை வைத்துக்கொண்டு அவசரத்தில் 4 ஆம் பெட்டியில் ஏறி, முதல் நிறுத்தம் வரும்வரை ஒரு மணித்தியாலத்துக்கு மேலாகக் கதவோரப் படியில் பயணப்பெட்டியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். சில வேளைகளில் அந்த இரண்டு தொடர்களும் நடுவழியில் பிரிந்து வெவ்வேறு ஊர்களுக்குப் போவதும் உண்டு என்பதைப் பின்னர் அறிந்தபோது, உட்கார்ந்திருந்த படிக்கு நன்றி சொன்னேன். ஆகவே நிலையம், புறப்படும் நேரம், பெட்டி, ஆசனம் ஆகிய நான்கையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வையுங்கள். சீட்டு மகனின் தொலைபேசியில் இருக்கின்றது என்று வெறுங்கையோடு ஏறாமல், அதையும் அச்செடுத்து வைத்திருங்கள்.

பிந்தினால்

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, போய்ச் சேரும் நேரம் 60 நிமிடம் முதல் 119 நிமிடம் வரை பிந்தினால் சீட்டு விலையில் 25 வீதமும், 120 நிமிடமோ அதற்கு மேலோ பிந்தினால் 50 வீதமும் திருப்பிக் கேட்கலாம். கடும் புயல் போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாது. தானாக வராது, விண்ணப்பித்தால்தான் வரும். எனவே சீட்டை இறங்கியதும் கிழித்துப் போடவேண்டாம். ஜேர்மனியில் பிந்துவது வழமையாகிவிட்டதால் அங்கே மாறிச் செல்லும் பயணத்துக்கு அரைமணித்தியாலத்துக்குக் குறையாத இடைவெளி விடுங்கள். பாரிஸில் நிலையம் மாறுவதற்கு ஒன்றரை மணித்தியாலமாவது வேண்டும். கார் து நோரிலிருந்து கார் து லியோனுக்கு நகரப் புகையிரதத்தின் டி வழியில் இரண்டாவது நிறுத்தம்தான் என்றாலும், படிகளும் கூட்டமும் பெட்டிகளும் நேரத்தைத் தின்றுவிடும்.

ஊருக்குத் திரும்பும் விமானம் இலண்டனிலிருந்து புறப்படுவதாக இருந்தால், அன்று காலை பாரிஸில் புகையிரதம் ஏற வேண்டாம். யூரோஸ்டார் நின்றுபோனதற்காகக் கட்டுநாயக்க விமானம் காத்திருக்காது. முந்தைய நாளே இலண்டனுக்கு வந்து மகள் வீட்டில் இரவு தங்கி, பெட்டிகளை விமானத்தின் எடைக்கு ஏற்ப மறுபடியும் பிரித்துக் கட்டுங்கள்.